மீன்தொட்டியைப் படமெடுக்க எந்த வெளிச்சம்: தொட்டி விளக்கா, கேமரா ஃபிளாஷா, மேலே வைத்த தனி ஃபிளாஷா?

மீன்தொட்டியைப் படமெடுக்க ஆசைப்படுகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது எந்த லென்ஸ் வாங்கலாம் என்றுதான். லென்ஸைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மீன்மேல் விழும் வெளிச்சம் எங்கிருந்து வரப்போகிறது என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். அது சரியாக அமைந்தால் சாதாரண லென்ஸே நல்ல படம் தரும். அமையாவிட்டால் எவ்வளவு நல்ல மேக்ரோ லென்ஸாக (மிக அருகில் எடுக்கும் லென்ஸ்) இருந்தாலும் கலங்கலான, உயிரில்லாத படம்தான் வரும்.

நம் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. தொட்டியின் எல்இடி விளக்கை மட்டும் நம்புவது ஒன்று. கேமராவின் தலையில் பொருத்திய ஃபிளாஷ் இன்னொன்று. கேமராவைவிட்டுப் பிரித்து, தண்ணீருக்கு மேலே கீழ்நோக்கி வைத்த ஒரே ஒரு ஃபிளாஷ் மூன்றாவது. பக்கங்களிலும் பின்னாலும் இரண்டு மூன்று ஃபிளாஷ்களை வைப்பது நான்காவது. நீந்துகிற மீனைத் தெளிவாக, அதன் நிறத்தோடு காட்ட வேண்டும் என்றால் நான் மூன்றாவதைத்தான் சொல்வேன், அதுவும் எல்லா அமைப்பையும் மேனுவலில், அதாவது நாமே கையால் வைத்து. மற்ற வழிகள் ஜெயிக்கும் இடங்களும் உண்டு, அவற்றையும் பார்ப்போம்.

தொட்டி விளக்கு போதுமா?

கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற தொட்டி கேமராவுக்கு மங்கலான இடம்தான். சாதாரணத் தொட்டி விளக்கில் அபெர்ச்சர் (லென்ஸின் ஒளித் துளை; எஃப் எண் ஏறினால் துளை சுருங்கும்) எஃப் 4, ஷட்டர் 1/125 வினாடி என்று வைத்தாலும் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 1600, 3200 என்று போய் நிற்கும். செடித் தொட்டிக்கான பலமான விளக்கு என்றால் கொஞ்சம் தேவலை. அப்போதும் இழுபறி தீராது. ஷட்டரை வேகமாக்கினால் படம் இருளும். அபெர்ச்சரைத் திறந்தால் மீனின் கண் மட்டும் ஃபோகஸில் நின்று வால் கரைந்துவிடும். ஐஎஸ்ஓவை ஏற்றினால் செதில்களின் நுணுக்கம் இரைச்சலில் (படத்தில் தோன்றும் பொடிப் புள்ளிகளில்) மறையும்.

எவ்வளவு வேகம் வேண்டும் என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். படத்தின் அகலத்துக்குள் 6 செ.மீ. இடம் அடங்குகிறது, கேமரா 24 மெகாபிக்சல், அதாவது குறுக்கே 6000 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிமீட்டருக்கு 100 பிக்சல் வருகிறது. ஒரு டெட்ரா நிதானமாக, வினாடிக்கு 10 செ.மீ. வேகத்தில் நகர்கிறது. 1/200 வினாடியில் அது அரை மில்லிமீட்டர் நகரும், படத்தில் 50 பிக்சல் இழுபடும். கண்ணின் வட்டமும் செதிலின் விளிம்பும் காணாமல் போக அது தாராளம். அதே மீன் 1/5000 வினாடியில் நகர்வது 2 பிக்சல்தான். தொட்டி விளக்கில் 1/5000 என்பது நடக்காத காரியம். ஃபிளாஷில் அது சர்வசாதாரணம். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

விளக்கின் நிறமும் தொந்தரவு தரும். செடிகளையும் மீன்களையும் எடுப்பாகக் காட்டுவதற்காகச் சிவப்பு, பச்சை, நீலம் எல்இடிகளைக் கலந்த விளக்குகளில் வொயிட் பேலன்ஸை (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் அமைப்பை) எங்கே வைத்தாலும் ஏதாவது ஒரு நிறம் துருத்திக்கொண்டு நிற்கும். இன்னொன்று: பல எல்இடிகள் பிரகாசத்தைக் குறைக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிந்துதான் குறைக்கின்றன. அப்போது வேகமான ஷட்டரில், அதிலும் எலக்ட்ரானிக் ஷட்டரில், படத்தின் குறுக்கே வரிவரியாகப் பட்டை விழும். விளக்கை முழுப் பிரகாசத்தில் வைத்தால் பெரும்பாலும் அந்தப் பட்டை போய்விடும்.

இவ்வளவும் சொன்ன பிறகும், சில படங்களுக்குத் தொட்டி விளக்கைத்தான் சொல்வேன். தொட்டி முழுவதையும் ஒரே படத்தில் காட்டுவது, இடத்தைவிட்டு அசையாமல் மிதக்கும் டிஸ்கஸ், கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ப்ளீகோ, இலையின் அடியில் முட்டைகளைக் காவல் காக்கும் ஏஞ்சல் எல்லாம் அந்த வகை. வீடியோவுக்கு வேறு வழியே கிடையாது. கடல்நீர்த் தொட்டியில் பவளங்கள் ஒளிர்வதை எடுக்க வேண்டும் என்றாலும் ஃபிளாஷை மூடி வைத்துவிடுங்கள். நீல எல்இடி பட்டுத்தான் அந்தப் பச்சையும் ஆரஞ்சும் பிறக்கின்றன. ஃபிளாஷின் வெள்ளை ஒளி அடித்தால் அந்த ஒளிர்வு அமுங்கிப் பவளம் பழுப்பாகத் தெரியும். நீல விளக்கோடு லென்ஸ்முன் மஞ்சள் அல்லது ஆரஞ்சு ஃபில்டர் வைப்பதுதான் அங்கே சரியான ஏற்பாடு.

கேமராமேல் உள்ள ஃபிளாஷ்

இதை நான் சிபாரிசு செய்வதில்லை. காரணம் கண்ணாடி. இரவில் விளக்கெரியும் அறையில் ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் நம் முகம்தான் தெரியும். அதே கதைதான் இங்கேயும். கேமராவைக் கண்ணாடிக்கு நேராகப் பிடித்தால் ஃபிளாஷின் பிம்பம் படத்தின் நடுவில் வெள்ளைத் திட்டாக உட்கார்ந்துகொள்ளும். சாய்த்துப் பிடித்தால் திட்டு விலகும், ஆனால் அதைவிடப் பெரிய கேடு வந்து சேரும். தண்ணீரிலிருந்து காற்றுக்கு வரும் ஒளி வளைகிறது, ஒவ்வொரு நிறமும் கொஞ்சம் வெவ்வேறு அளவில் வளைகிறது. நேராகப் பார்க்கும்போது இந்த வளைவு நடுப்பகுதியில் உறைக்காது. சாய்வாகப் பார்த்தால் மீனின் விளிம்பெல்லாம் நிறம் பிரிந்து, ஃபோகஸ் சரியாக இருந்தும் மங்கலாகத் தெரியும். லென்ஸ் கண்ணாடிக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும் என்பது தொட்டிப் படங்களில் விட்டுக்கொடுக்கக் கூடாத விதி. கேமராமேல் உள்ள ஃபிளாஷ் அந்த விதியை மீறும்படி நம்மைத் தள்ளுகிறது.

லென்ஸில் ரப்பர் ஹூட் மாட்டிக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தால் பிம்பத் தொல்லை தீரும், வாஸ்தவம். ஆனாலும் வெளிச்சம் லென்ஸின் திசையிலேயே போவதால் மீனுக்கும் நமக்கும் நடுவில் மிதக்கும் ஒவ்வொரு தூசியும் வெள்ளைப் புள்ளியாக எரியும். கடலுக்கடியில் படமெடுப்பவர்கள் ஃபிளாஷை நீண்ட கைகளில் கேமராவைவிட்டுத் தள்ளி வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான். மீனின் உடலும் நிழல் இல்லாமல் தட்டையாகத் தெரியும்.

போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டர்) போட்டால் பிரதிபலிப்பு போகாதா என்று கேட்பார்கள். கண்ணாடியை நேராகப் பார்க்கும்போது போலரைசரால் ஒன்றும் ஆகாது. செங்குத்திலிருந்து சுமார் 56 பாகை சாய்ந்து பார்த்தால்தான் அது முழுப் பலத்தோடு வேலை செய்யும். அந்தச் சாய்வில் நமக்குப் படமே கெட்டுப்போயிருக்கும்.

தண்ணீருக்கு மேலே ஒரு ஃபிளாஷ்

ஆற்றிலும் குளத்திலும் மீனுக்கு வெளிச்சம் மேலிருந்துதான் வருகிறது. பெரும்பாலான மீன்களின் முதுகு கருத்தும் வயிறு வெளுத்தும் இருப்பதே அந்த வெளிச்சத்துக்கு ஈடுகட்டத்தான். முதுகு கருமையால் அதிக ஒளியை அடக்கிக்கொள்கிறது, வயிறு வெண்மையால் குறைந்த ஒளியிலும் தெரிகிறது, உடல் முழுக்க ஒரே சீராகி எதிரியின் கண்ணில் படாமல் கரைகிறது. ஃபிளாஷையும் மேலே வைத்தால் அந்த உடல் எந்த வெளிச்சத்துக்காக உருவானதோ அந்த வெளிச்சத்திலேயே அதைப் பார்க்கிறோம்.

நிறத்துக்கும் இதுதான் நல்லது. நியான் டெட்ராவின் நீலக் கோடு சாயம் கிடையாது. தோலின் செல்களில் அடுக்கடுக்காக இருக்கும் குவானின் படிகத் தகடுகள் ஒளியைப் பிரதிபலிப்பதால் வரும் நிறம் அது. வெளிச்சம் விழும் கோணம் மாறினால் நீலம் பச்சையாகலாம், மங்கிப்போகவும் செய்யலாம். முன்னாலிருந்து அடிக்கும் ஃபிளாஷில் வெள்ளி நிற மீன்களின் பக்கவாட்டுச் செதில்கள் கண்ணாடித் துண்டுகள்போல வெளுத்து எரிவதும் இதே படிகங்களால்தான். மேலிருந்து பரவலாக வரும் ஒளியில் அவை அடங்கி, ஒவ்வொரு செதிலின் ஓரமும் தனியாகத் தெரியும்.

கண்ணாடிப் பிரச்சினை இங்கே தானாகவே தீர்ந்துவிடுகிறது. இதன் பின்னால் இருக்கிற இயற்பியல் எனக்கு மிகவும் பிடித்தது. காற்றிலிருந்து தண்ணீருக்குள் நுழையும் ஒளி எவ்வளவு சாய்வாக வந்தாலும், உள்ளே போனபின் செங்குத்துக் கோட்டிலிருந்து சுமார் 49 பாகைக்கு மேல் சாய முடியாது. அப்படிச் செங்குத்தாக இறங்கும் ஒளியில் பெரும்பகுதி முன் கண்ணாடியில் உரசலாகப் படுகிறது. அந்தக் கோணத்தில் அது வெளியே வர வழியில்லாமல் முழுவதும் உள்ளேயே திரும்புகிறது. ஆக, ஃபிளாஷின் நேர் ஒளி லென்ஸுக்குள் வருவதில்லை. அதோடு, முன் கண்ணாடி உள்பக்கத்திலிருந்து ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியாகவே வேலை செய்து, நம்மைப் பார்த்து நிற்கும் மீனின் பக்கத்துக்குக் கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. ஃபிளாஷை தொட்டியின் நடுவில் வைக்காமல் முன் கண்ணாடிக்கு அருகே இழுத்து வைக்கச் சொல்வது அதனால்தான்.

செடித் தொட்டிக் கலையை உலகம் முழுக்கக் கொண்டுசென்ற ஜப்பானியரான தகாஷி அமானோ (1954–2015) பெரிய ஃபார்மேட் ஃபிலிம் கேமராவில் தன் தொட்டிகளை எடுத்தபோது, ஃபிளாஷ்களைத் தொட்டிக்கு மேலேதான் வைத்தார். அவருக்குப் பல ஃபிளாஷ்கள் தேவைப்பட்டன. தனி மீனை எடுக்கும் நமக்கு ஒன்று போதும்.

குறை இல்லாமல் இல்லை. மேலிருந்து மட்டும் வெளிச்சம் வந்தால் வயிற்றுப் பக்கம் இருட்டாகும், துடுப்பின் நிழல் உடல்மேல் விழும். அடியில் வெளிர்நிற மணல் இருந்தால் அதுவே ஒளியைத் திருப்பி நிரப்பிவிடும். கருப்பு மணல் போட்ட தொட்டியில் இது நடக்காது. படமெடுக்கும் நேரத்துக்கு மட்டும் முன் கண்ணாடி ஓரமாக, ஃபிரேமுக்குக் கீழே, ஒரு வெள்ளை பிளாஸ்டிக் தகட்டை உள்ளே படுக்க வைத்தால் பெரிய வித்தியாசம் தெரியும். தகடு மீனுக்குத் தீங்கு செய்யாத, நன்றாகக் கழுவிய பொருளாக இருக்க வேண்டும்.

ஃபிளாஷ் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகும். ஃபிளாஷ் தண்ணீருக்கு 15 செ.மீ. மேலே இருக்கிறது என்றால், 10 செ.மீ. ஆழத்தில் உள்ள மீனுக்கு 25 செ.மீ., 35 செ.மீ. ஆழத்தில் உள்ள மீனுக்கு 50 செ.மீ. தூரம். இரண்டுக்கும் இடையே 2 ஸ்டாப் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). அதே ஃபிளாஷை 45 செ.மீ. உயரத்துக்கு ஏற்றினால் தூரங்கள் 55, 80 என்றாகி, வித்தியாசம் சுமார் 1 ஸ்டாப்பாகக் குறையும். மேல்மட்டத்திலும் அடியிலும் மாறி மாறி நீந்தும் மீன் என்றால் உயர்த்துங்கள். கோரிடோரஸ் மாதிரி அடியிலேயே சுற்றும் மீன் என்றால் தாழ்வாக வைத்தாலும் பாதகமில்லை.

வெளிச்சத்தை மென்மையாக்க ஃபிளாஷுக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு வெள்ளை அக்ரிலிக் தகடோ சின்ன சாஃப்ட்பாக்ஸோ வைக்கலாம். தகடு இன்னொரு வேலையும் செய்யும்: ஃபிளாஷ் தண்ணீரில் விழாமல் தாங்கும். ஃபிளாஷுக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் முந்நூறு வோல்ட் அளவுக்கு மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். ஆகவே ஸ்டாண்டிலோ தொட்டியின் விளிம்பிலோ இறுகப் பொருத்தாமல், வெறுமனே சாய்த்து வைத்து எடுக்கவே கூடாது. கடல்நீர்த் தொட்டி என்றால் தெறிக்கும் உப்பு நீரிலிருந்து காக்க ஃபிளாஷைத் தெளிவான பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

மேனுவலா, டிடிஎல்லா?

டிடிஎல்லில் கேமராவே முன்கூட்டி ஒரு சின்ன ஃபிளாஷை அடித்து, திரும்பி வரும் ஒளியை அளந்து பலத்தை முடிவு செய்கிறது. பிறந்தநாள் விழாவில் அது பெரிய உதவி, அங்கே ஆள் மாற மாறத் தூரமும் மாறுகிறது. தொட்டியிலோ ஃபிளாஷ் ஓர் இடத்தில் நிலையாக இருக்கிறது, மீன் நீந்தும் இடமும் ஒரு சில சென்டிமீட்டருக்குள்தான் மாறுகிறது. மாறிக்கொண்டே இருப்பது மீனின் நிறமும் பின்னணியும்தான், டிடிஎல் ஏமாறுவதும் அங்கேதான். கருப்புப் பின்னணி வந்தால் வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து மீனை வெளுக்க வைக்கும். வெள்ளிச் செதில் ஒன்று பளிச்சிட்டால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துப் படத்தை இருட்டாக்கும். மேனுவலில் ஒருமுறை சரியாக அமைத்துவிட்டால் எத்தனை படம் எடுத்தாலும் ஒரே அளவு வெளிச்சம். நமக்கு மீனை மட்டும் கவனிக்க நேரம் கிடைக்கிறது, அதுதான் பெரிய லாபம். ஃபிளாஷைக் கையில் பிடித்துக்கொண்டு தொட்டி தொட்டியாகப் போகிறவருக்கு மட்டும் டிடிஎல் வசதி.

எந்த அளவில் ஆரம்பிக்கலாம்? கைடு நம்பரை (ஃபிளாஷின் பலத்தைக் காட்டும் எண்; அதைத் தூரத்தால் வகுத்தால் எஃப் எண் வரும்) வைத்துக் கணக்கிட்டால் ஊகிக்க வேண்டியதில்லை. ஐஎஸ்ஓ 100இல் கைடு நம்பர் 36 மீட்டர் உள்ள ஃபிளாஷை 1/16 பலத்தில் வைத்தால் அது நான்கில் ஒன்றாக, அதாவது 9 ஆகக் குறையும். மீன் 60 செ.மீ. தூரத்தில் இருந்தால் 9ஐ 0.6ஆல் வகுக்க 15 வரும். கிட்டத்தட்ட எஃப் 16. வெளிச்சத்தை மென்மையாக்கும் தகடு 2 ஸ்டாப் தின்னும் என்று வைத்தால் எஃப் 8. ஐஎஸ்ஓவை 200 ஆக்கினால் எஃப் 11. ஆக, 1/200 வினாடி, எஃப் 11, ஐஎஸ்ஓ 200, ஃபிளாஷ் 1/16. இங்கே தொடங்கி ஹிஸ்டோகிராமை (கேமரா காட்டும் வெளிச்ச வரைபடத்தை) பார்த்து ஏற்றி இறக்கினால் சில படங்களிலேயே சரியான இடத்துக்கு வந்துவிடலாம். மேக்ரோவில் மிக நெருங்கும்போது லென்ஸே கொஞ்சம் ஒளியைக் குறைக்கும், அப்போது ஃபிளாஷை 1/8க்கு ஏற்றுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு சோதனை: ஃபிளாஷை அணைத்துவிட்டு, அதே அமைப்பில் ஒரு படம் எடுங்கள். அது கிட்டத்தட்டக் கருப்பாக வர வேண்டும். கருப்பாக வந்தால் தொட்டி விளக்கு படத்தில் கலக்கவில்லை என்று பொருள். மீனின் உருவம் தெரிந்தால், ஃபிளாஷ் அடித்த படத்திலும் அந்த மங்கிய உருவம் பேய்போல விளிம்பில் ஒட்டிக்கொள்ளும். ஐஎஸ்ஓவைக் குறையுங்கள், அல்லது விளக்கைக் கொஞ்சம் தணியுங்கள். முழுவதும் அணைக்க வேண்டாம். ஃபோகஸ் செய்ய கேமராவுக்கும் நமக்கும் அந்த வெளிச்சம் தேவை, மீனுக்கும் தேவை.

இந்த அமைப்பில் மீனை உறைய வைப்பது ஷட்டர் இல்லை, ஃபிளாஷ்தான். அறை வெளிச்சம் படத்தில் பதியாதபோது, ஃபிளாஷ் எரிந்த நேரம் மட்டுமே படம் பிடித்த நேரம். சிறிய பேட்டரி ஃபிளாஷ்களில் பலத்தைக் குறைப்பது என்றால் எரியும் நேரத்தைக் குறைப்பது. முழுப் பலத்தில் ஆயிரத்தில் ஒரு வினாடி அளவுக்கு, சிலவற்றில் அதைவிட நீண்டும் எரிகிற ஃபிளாஷ், 1/16இல் 1/5000 அளவுக்கு வந்துவிடும். 1/128இல் 1/20,000ஐயும் தாண்டும். மேலே போட்ட பிக்சல் கணக்கில் 50 பிக்சல் 2 பிக்சலானது இப்படித்தான். 1/8க்கு மேல் பலத்தை ஏற்ற வேண்டிய நிலை வந்தால், ஃபிளாஷைக் கீழே இறக்குவதையோ ஐஎஸ்ஓவை 400 ஆக்குவதையோ நான் முதலில் செய்வேன். குறைந்த பலத்தில் ஃபிளாஷ் உடனுக்குடன் தயாராகிவிடும் என்பது கூடுதல் லாபம். பெரிய ஸ்டுடியோ ஃபிளாஷ்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவற்றில் பலவற்றில் பலத்தைக் குறைத்தால் எரியும் நேரம் நீளும்.

அதே காரணத்தால் ஹைஸ்பீடு சிங்க் (வழக்கத்தைவிட வேகமான ஷட்டரில் ஃபிளாஷ் அடிக்கும் முறை) இங்கே வேண்டாம். 1/2000 ஷட்டர் என்று கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அந்த முறையில் ஃபிளாஷ் ஒரே வீச்சாக அடிக்காமல் தொடர்ச்சியாகத் துடித்து எரிகிறது, பலமும் வெகுவாகக் குறைகிறது. உங்கள் கேமராவின் சிங்க் வேகம் (சாதாரணமாக ஃபிளாஷோடு ஒத்துப்போகும் அதிகபட்ச ஷட்டர் வேகம்) 1/200 அல்லது 1/250 எதுவோ அதிலேயே நில்லுங்கள். தாண்டினால் படத்தின் ஓரத்தில் கருப்புப் பட்டை விழும். மெக்கானிக்கல் ஷட்டரில் இருக்கிறீர்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், பெரும்பாலான கேமராக்கள் எலக்ட்ரானிக் ஷட்டரில் ஃபிளாஷை இயக்காது.

மிரர்லெஸ் கேமரா (உள்ளே கண்ணாடி இல்லாமல் மின்திரையில் காட்டும் வகை) வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: இந்த அமைப்பில் வ்யூஃபைண்டர் இருட்டாகத் தெரியும், கேமரா கெட்டுவிட்டதோ என்று தோன்றும். எக்ஸ்போஷரைத் திரையில் முன்கூட்டிக் காட்டும் வசதியை மெனுவில் அணைத்துவிட்டால் வெளிச்சமாகத் தெரியும்.

ட்ரிக்கர், லென்ஸ், ஃபோகஸ்

கேமராவுக்கும் ஃபிளாஷுக்கும் தொடர்பு தர மூன்று வழி. சுருள் கேபிள் நம்பகமானது, பேட்டரி கேட்காது, ஆனால் தொட்டிக்கு மேலே தொங்கும்போது கையில் தட்டும். ஆப்டிகல் ஸ்லேவ் என்பது இன்னொரு ஃபிளாஷின் ஒளியைப் பார்த்து எரிவது. அதற்குக் கேமராமேல் ஒரு ஃபிளாஷ் அடித்தாக வேண்டும், கண்ணாடியில் பிம்பம் திரும்பவும் வந்துவிடும். ரேடியோ ட்ரிக்கர்தான் என் தேர்வு. ஃபிளாஷ் தண்ணீருக்கு வெளியே இருப்பதால் சிக்னலுக்குத் தடையில்லை. மேனுவலில் மட்டும் வேலை செய்யும் எளிய ட்ரிக்கரே போதும். பலத்தைக் கேமராவிலிருந்தே மாற்றும் வசதி இருந்தால் மேலே எட்டி எட்டிப் பார்த்து மீனைப் பயமுறுத்த வேண்டியதில்லை, அதற்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கலாம்.

லென்ஸில் 60 மி.மீ. மேக்ரோவா 100 மி.மீ. மேக்ரோவா என்றால், சின்னத் தொட்டிக்கும் சின்ன மீனுக்கும் 60 போதும், கண்ணாடிக்குப் பின்னால் தள்ளி நீந்தும் கூச்ச சுபாவ மீனுக்கு 100 நல்லது. இருக்கிற சாதாரண லென்ஸோடு எக்ஸ்டென்ஷன் ட்யூப் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே மாட்டும் குழாய்) போட்டும் ஆரம்பிக்கலாம். எஃப் எண்ணைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். பெரிய சென்சார் உள்ள ஃபுல்ஃபிரேம் கேமராவில், மீனின் பிம்பம் சென்சாரில் பாதி அளவாக விழும்படி, அதாவது 1:2இல் எடுக்கும்போது எஃப் 11இல்கூட ஃபோகஸில் நிற்கும் ஆழம் 4 மி.மீ.தான். எஃப் 5.6இல் அது 2 மி.மீ. ஒரு கப்பியின் உடல் தடிமனே அதைவிட அதிகம். 1:4 அளவுக்குப் பின்வாங்கினால் எஃப் 11இல் 13 மி.மீ. கிடைக்கும். எஃப் 22க்குப் போகலாமே என்றால் டிஃப்ராக்ஷனால் (சிறிய துளையில் ஒளி விலகிப் பரவுவதால்) முழுப் படமும் மென்மையாகிவிடும். எஃப் 8க்கும் 13க்கும் இடையில் நில்லுங்கள், மீன் பக்கவாட்டில் கண்ணாடிக்கு இணையாகத் திரும்பும்வரை பொறுங்கள். இந்தப் பொறுமைக்கு ஈடாக எந்தச் சாதனமும் இல்லை.

ஆட்டோஃபோகஸ் கண்ணாடியில் உள்ள பாசியையும் கீறலையும் பிடித்துக்கொண்டு அடம்பிடித்தால், மேனுவலில் ஒரு தூரத்தைப் பூட்டிவிட்டு, உடலை முன்பின்னாக அசைத்துக் கண்ணில் ஃபோகஸ் விழும் நொடியில் அழுத்துங்கள். சாப்பாட்டு நேரத்தில் கண்ணாடி ஓரம் வரும் மீன்களுக்கு இது ஆட்டோஃபோகஸைவிட நன்றாகவே வேலை செய்கிறது.

இரண்டாவது ஃபிளாஷ் எப்போது?

கருப்பு மோலி, பிளாக் கோஸ்ட் நைஃப் மாதிரி கருத்த மீன்களுக்கு மேல் வெளிச்சம் மட்டும் போதாது. பின்னணியோடு கலந்து உருவமே தெரியாமல் போகும். பக்கக் கண்ணாடி வழியாகவோ பின் மூலையிலிருந்தோ குறைந்த பலத்தில் ஒரு ஃபிளாஷ் அடித்தால் உடலின் ஓரம் ஒளிக்கோடாகப் பிரிந்து நிற்கும். கண்ணாடி இறால், கிளாஸ் கேட்ஃபிஷ் போன்ற ஒளி ஊடுருவும் உயிர்களுக்கும் பின் வெளிச்சம்தான் அழகு. நீளமான துடுப்புள்ள பெட்டாவை விரித்த நிலையில் எடுக்கும்போதும் பின்னாலிருந்து வரும் ஒளி துடுப்பின் கதிர்களை ஒவ்வொன்றாகக் காட்டும்.

மூடியைத் திறக்கவே முடியாத தொட்டி என்றால், முன் கண்ணாடியின் இரு பக்கமும் 45 பாகை சாய்வில் இரண்டு ஃபிளாஷ்கள் வைப்பது அடுத்த நல்ல வழி. கண்ணாடியில் ஒளி எந்தக் கோணத்தில் விழுகிறதோ அதே கோணத்தில் மறுபக்கம் திரும்பிப் போய்விடும், நேராக நிற்கும் லென்ஸுக்குள் வராது. நிறம் மேல் வெளிச்சத்தைவிட ஒரு படி குறைவுதான், தூசிப் புள்ளிகளும் கூடும். ஆனாலும் கேமராமேல் உள்ள ஃபிளாஷோடு ஒப்பிட்டால் பல மடங்கு மேல். மற்றபடி, ஒரு ஃபிளாஷோடு நன்றாகப் பழகாமல் இரண்டாவதை வாங்க அவசரப்பட வேண்டாம். எந்த நிழல் எதனால் வருகிறது என்றே புரியாமல் போய்விடும்.

மீனுக்கு இது தாங்குமா?

நியாயமான கேள்வி, ஏனென்றால் மீனுக்கு நம்மைப்போல மூடித் திறக்கும் இமை கிடையாது. 2019இல் வெளியான ஓர் ஆய்வில் கடற்குதிரை உள்ளிட்ட அடிவாழ் கடல் மீன்களைப் பார்த்தார்கள். ஆள் அருகில் இருப்பதால் வரும் கலக்கத்தைவிட ஃபிளாஷ் கூடுதலாக எதுவும் செய்யவில்லை. கையால் தொட்டு நகர்த்துவதுதான் அவற்றை வெகுவாகப் பாதித்தது. கடற்குதிரைகளின் விழித்திரையிலும் சேதம் காணப்படவில்லை. நம் தொட்டி மீன்கள் வேறு இனம் என்றாலும், தொட்டுத் துரத்துவதே பெரிய துன்பம் என்பது இங்கேயும் பொருந்தும். அதனால்தான் மீனை வலையில் பிடித்துச் சின்னப் படத்தொட்டியில் அடைத்து எடுக்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. இனத்தை அடையாளம் காணத் தேவைப்படும் படங்களுக்கு அது அவசியமாகலாம். அழகுக்காக என்றால் வேண்டாம். பயந்த மீன் நிறம் வெளுத்துத் துடுப்பை மடக்கிக்கொள்ளும், நாம் தேடிய அழகே அங்கே இருக்காது.

இருட்டில் இருந்த தொட்டிமேல் திடீரென்று ஃபிளாஷ் அடிக்காதீர்கள். அறை விளக்கு, பிறகு தொட்டி விளக்கு என்று படிப்படியாகப் போட்டு, மீன்கள் இயல்பாக நீந்தத் தொடங்கியபின் ஆரம்பியுங்கள். ஸ்டாண்டையும் ஃபிளாஷையும் முன்கூட்டியே வைத்துவிட்டால் புதிய பொருளுக்கு அவை பழகிக்கொள்ளும். துள்ளிக் குதிக்கும் இனங்கள் இருந்தால் மூடியைத் திறந்து வைத்து எடுக்க வேண்டாம், தெளிவான கண்ணாடி மூடி வழியாகவே ஃபிளாஷ் அடிக்கலாம். அந்த மூடியில் நீர்த்துளியும் உப்பும் படிந்திருக்கக் கூடாது, படிந்தால் வெளிச்சம் திட்டுத்திட்டாக விழும்.

தண்ணீரை முந்தின நாளே மாற்றிவிடுங்கள். அன்றே மாற்றினால் கண்ணாடியிலும் செடியிலும் பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழ்கள் ஒட்டிக்கொள்ளும், ஃபிளாஷில் அவை ஒவ்வொன்றும் தெரியும். முன் கண்ணாடியை உள்ளும் புறமும் துடைத்து, அப்புறம் கிளம்பிய தூசி அடங்க நேரம் கொடுங்கள். ஏர் பம்ப்பையும் ஃபில்டரையும் படமெடுக்கும் சிறிது நேரத்துக்கு நிறுத்தினால் மிதக்கும் துகள்கள் வெகுவாகக் குறையும். எடுத்து முடித்ததும் முதல் வேலையாக இரண்டையும் திரும்பப் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு படங்களைப் பார்க்க உட்காருங்கள்.